பங்கரை மூடச் சொன்னவன்

ஒஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு உருளைக்கிழங்கு சீவுகிறவள் உக்ரைன்காரி. எட்டு வயது மகளோடு ஒஸ்லோவுக்கு வந்தவள். கணவன் ஊரிலேயே நின்று, பூட்டிக் கிடக்கும் தங்கள் பேக்கரிக்குக் காவல் இருக்கிறான். நான் நோர்வேஜியன் பேசத் தொடங்கி முப்பது வருடம், அவள் மூன்று வருடம். ஆனாலும் அவள்தான் என்னைத் திருத்துவாள்.

உக்ரைனில் சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது என்று செய்தி வந்த காலை, அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"என் கணவன் ஜன்னலில் அடித்த பலகைகளைக் கழற்றிக் கண்ணாடி போடப்போகிறானாம். பேக்கரியைத் திறக்கப்போகிறானாம். கோடையில் எங்களை வரச் சொல்கிறான். நீயும் யுத்தத்திலிருந்து வந்தவன்தானே, சொல். போகலாமா?"

எங்கள் ஆட்களிடம் அரசியல் கேட்டால் வாய் சும்மா இருக்காது. வீட்டுக்கு ஒரு ஆய்வாளர் உண்டு. எங்கள் வீட்டில் அது நான். அன்று ஆய்வுக்குப் பதிலாக என் அப்பாவின் கதையைத்தான் சொன்னேன்.

எங்கள் நாட்டில் சமாதானம் பேசியபோது நடுவில் நின்றது நோர்வே. அதனால் ஒஸ்லோவில் இருந்த எங்களுக்கெல்லாம் பெரிய நினைப்பு. ஏதோ எங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் ஒப்பந்தம் எழுதினார்கள் என்பதுபோல ஊருக்குத் தொலைபேசி எடுத்து அளப்போம். வன்னியில் எங்கள் வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்த பங்கர் ஒன்று இருந்தது. ஷெல்லடிக்குப் பதுங்க அப்பா தன் கையால் வெட்டியது. அதை மூடி, அந்த இடத்தில் அரைக்கிற மில் ஒன்று போடும்படி அவரை அரித்தெடுத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. அது என்ன, சோறே கேக்குது?"

"இனிச் சண்டை வராதப்பா. நான் ஒஸ்லோவிலை இருந்து சொல்லுறன்."

மூடினார். மேலே சீமெந்துத் தரை போட்டார்கள். மில் மூன்று வருடம் ஓடியது. பிறகு சண்டை திரும்ப வந்தது. முதல் ஷெல் விழுந்த அன்று அப்பா மில் வாசலில் நின்றிருக்கிறார். ஓடி ஒளிய இடமில்லை. அங்கேயே செத்துப்போனார்.

இதை அவளிடம் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"அந்த மூன்று வருடமும் எப்படி இருந்தது?" என்றாள்.

மறைக்க மனம் வரவில்லை. "நல்லாய் இருந்தது. அப்பா என்னோடு பகிடி விட்டுக் கதைத்தது அந்தக் காலத்தில்தான்" என்றேன்.

இடைவேளையில் வெளியே போய்க் கணவனோடு நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டே, "கடையை அவன் திறக்கட்டும். நாங்கள் போகவில்லை" என்றாள்.

மூன்று மணிக்கு மகள் பள்ளி முடிந்து தாயைத் தேடி வந்தாள். தாய் அவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். பிள்ளை நேரே என்னிடம் வந்து, எங்கள் இரண்டு பேரையும்விடத் திருத்தமான நோர்வேஜியனில் கேட்டது.

"அப்பாவிடம் போக வேண்டாம் என்று சொன்னது நீங்களா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அங்கே உண்மையாகவே சமாதானம் வந்துவிட்டால், இந்தப் பிள்ளை தகப்பனோடு இருந்திருக்க வேண்டிய ஒரு கோடையைக் கெடுத்தவன் நான்தான். கெடுத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஒருமுறை சமாதானம் வரும் என்று சொல்லிப் பிழை விட்டேன். இந்த முறை வராது என்று பயந்ததும் பிழையாகவே போகட்டும்.