சேர்க்கிற கூலி

பெப்ரவரி ஏழாம் திகதி, காலை ஒன்பது பத்து, காற்றே இல்லாத வெயில். தீவின் சேமக்காலையில் என் மனைவியின் கல்லறையைக் கட்ட மேசன் ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் சீமெந்து காய்ந்திருந்தது. ஒவ்வொரு சாக்கு மணலிலும் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். உப்பு மணலில் கலவை நிற்காதாம். நான்கு சாக்கில் ஒன்றை ஒதுக்கிவிட்டார்.

“ஐயா, மூடியைக் கலவை போட்டு இறுக்கவோ, சும்மா வைக்கவோ? இறுக்கினால், பிறகு உங்களையும் இதுக்குள்ளை சேர்க்கிறதெண்டால் உடைக்க வேணும்.”

“சேர்க்கத்தான் வேணும். பிள்ளையள் மூண்டும் வெளிநாட்டிலை. ஆர் உடைக்கிறது?”

“சீமெந்தும் மணலும் தண்ணி விட்டால் தானாச் சேரும். ஆக்களைச் சேர்க்க ஒராள் வந்து நிக்க வேணும், ஐயா.”

“நீங்கள் வருவீங்களோ?”

“ஓம், வாறன். கூலியை இப்பவே தாங்கோ. பிறகு உங்களிட்டைக் கேக்கேலாது.”

அவர் சிரிக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு மூடியை இறுக்கிப் பூசினார். என் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ அவர் கேட்கவில்லை, நானும் அவருடையதைக் கேட்கவில்லை. நான் செத்ததை அவருக்கு யார் சொல்வார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

மொத்தம் பதினாறாயிரத்து நானூறு ரூபா. அதில் நாலாயிரம் என்னைச் சேர்ப்பதற்கு.