வண்டி எடை கழித்து

மகள் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. பத்தேகாலுக்குப் பேருந்து. பெட்டி இருபத்தெட்டு கிலோ. வீட்டிலேயே எடைபோட்டு, இரண்டு சட்டையை எடுத்துவிட்டு, மறுபடி எடைபோட்டு, எடுத்ததைத் திரும்பவும் உள்ளே வைத்தாகிவிட்டது. நிலையத்தில் ஓட்டுநர் பேருந்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையைத் தட்டினார். மகள் குனிவதற்குள் அம்மா பெட்டியைப் பற்றி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, வீசி உள்ளே போட்டாள். இருபத்திரண்டு வருடமாக அவள் எந்தச் சுமையையும் அப்படித்தான் தூக்கியிருக்கிறாள். பெட்டி உள்ளே போய்விட்டது. முதுகின் அடியில் ஏதோ ஒன்று மட்டும் அதோடு போக மறுத்து நின்றுவிட்டது.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"நீ போறேல்ல, அதான்."

மகள் அதை நம்பி அழுதாள். அம்மா அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் முதுகு வலிக்கும். பேருந்து மறையும்வரை கையை ஆட்டிவிட்டு, பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். யாரையோ வழியனுப்பிவிட்டு மனம் உடைந்து நிற்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாதி உண்மை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். அந்தக் கூடத்துக்கு இரண்டு பக்கம். அழுக்குத் துணியை வாங்கி, தரம் பிரித்து, துவைத்து, பிழிந்து வெளியே அனுப்பும்வரை ஈரப்பக்கம். இஸ்திரி, மடிப்பு, அடுக்கு எல்லாம் உலர்பக்கம். ஒன்பது வருடமாக ஈரப்பக்கத்துக்கு அவள்தான் தலைவி. அதனால் கூடத்தில் அவளுக்கு ஈரப்பக்கத்தக்கா என்றே பெயர். பெரிய இயந்திரத்தின் தொட்டி நிற்கும்போது உள்ளே படுக்கை விரிப்புகள் கயிறுபோல முறுக்கிக் கிடக்கும். அவற்றைப் பிடித்து இழுத்து, நழுவுவதற்குள் ஒரே வீச்சில் வண்டியில் போட வேண்டும். ஈரத் துணியோடு யோசித்து யோசித்து வேலை செய்ய முடியாது.

இன்னொரு பழக்கமும் அந்தப் பக்கத்துக்கு உண்டு. துணியை வண்டியோடு எடைமேடையில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வண்டியின் விலாவிலும் அதன் எடை பெயிண்டில் எழுதியிருக்கும். மேடை காட்டுவதில் அதைக் கழித்து, துணியின் எடையை மட்டும் ஏட்டில் எழுத வேண்டும். ஈரப்பக்கத்தக்காவுக்கு இது கைவழக்கமாக ஊறிப்போயிருந்தது. பிறந்த குழந்தையை அவளிடம் எடைபோடக் கொடுத்தால் சுற்றியிருக்கும் துண்டைக் கழித்துத்தான் சொல்வாள் என்று உலர்பக்கத்தில் கேலி உண்டு.

தசைப் பிடிப்புதான், எலும்பில் ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓய்வு, அதன்பின் முதுகுக்கும் காலுக்கும் வலு சேர்க்க வேண்டும். நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு தாள் கொடுத்தது. ஐந்தாம் மாதம் தகுதிச் சோதனை: முப்பது கிலோ மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து வண்டியில் வைக்க வேண்டும், பத்து தடவை. தேறினால் பழைய இடம். தவறினால் தகுதியற்றவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சோதனை வேண்டாம் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே மனு கொடுப்பவர்கள் தையல் அறைக்கு மாறிக்கொள்ளலாம். வேலை போகாது.

தையல் அறையில் கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவார்கள். மூன்று நாற்காலி, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். அங்கே போவதில்லை என்று அவள் தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

ஓய்வு முடிந்து சோதனை வரும்வரை அவளுக்கு உட்கார்ந்து துணி மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டு எழுதும் வேலை. மாலையில் ஜிம். அவளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தது இஸ்திரிப் பக்கத்துத் தோழி. வாய் ஓயாததால் அவளுக்கு வானொலி என்று பட்டம்.

"அங்க எல்லாம் சின்னஞ்சிறுசுங்களா இருக்கும்டி."

"இருக்கட்டுமே. உன் முதுகு என்ன, வயசுச் சான்றிதழ் கேட்டுட்டா பிடிச்சுக்கிச்சு?"

முதல் இரண்டு வாரம் பாட்டு வகுப்புக்குப் போனாள். இருபது பேர் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாட்டுக்குக் குதிப்பார்கள். எல்லோரும் வலப்பக்கம் போகும்போது அவள் இடப்பக்கம் போனாள். வியர்த்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் வீட்டில் வாளித் தண்ணீரைத் தூக்கினால் முதுகு பழையபடி முனகியது. அடுத்த மூன்று வாரம் இயந்திரங்கள். அவை அவளுக்குப் பிடித்துப்போயின. மெத்தை வைத்த இருக்கையில் சாய்ந்து, எடை அடுக்கில் ஊசியை வேண்டிய எண்ணில் செருகி, காலால் தள்ள வேண்டியதுதான். ஊசி அறுபதுக்கு வந்தது. அறுபதைத் தள்ளுபவளுக்கு முப்பது எம்மாத்திரம் என்று அன்று பரணிலிருந்து ஒரு பழைய தலையணை மூட்டையை இறக்கினாள். பாதியில் முதுகு பிடித்துக்கொண்டது. மூட்டையும் அவளும் சேர்ந்தே கட்டிலில் விழுந்தார்கள்.

மறுநாள் ஜிம்மின் பயிற்சியாளரிடம் போய் நின்றாள். அது இருபத்தாறு வயதுப் பெண். கம்பி வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடி எந்நேரமும் கையில் இருக்கும். எல்லோரும் மாவுக்கை என்றே கூப்பிட்டார்கள்.

"ஆன்ட்டி, அந்த மெஷின்ல உங்க முதுக யாரு பிடிச்சுக்கறா?"

"ஆன்ட்டியா?"

"சரி, அக்கா. யாரு பிடிச்சுக்கறா?"

"மெத்தை."

"சலவைக்கூடத்துல மெத்தை வச்சுத் தருவாங்களா? தரையில கெடக்கிறதத் தூக்கணும்னா, தரையில கெடக்கிறதத் தூக்கித்தான் பழகணும். வாங்க."

கோடியில், கருப்பு ரப்பர் விரித்த மூலையில் ஒரு நீளமான இரும்புக் கம்பி கிடந்தது. அங்கே பாட்டும் இல்லை, மெத்தையும் இல்லை. "இது வெறும் கம்பிதான். சும்மா பழகிக்கோங்க" என்றாள் மாவுக்கை, கம்பியை இரண்டு தாழ்வான தாங்கிகள்மேல் வைத்து.

அக்கா குனிந்தாள், பற்றினாள், வழக்கம்போல இடுப்பை வெட்டி வீசினாள். கம்பி திரும்பிவந்து தாங்கியில் மோதிய சத்தத்தில் பாட்டு வகுப்பு முழுவதும் ஒரு நொடி நின்றது. முதல்முறையாக எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயோ, வீசக் கூடாதுக்கா! ஒவ்வொரு தடவையும் கீழ வச்சு, மூச்சு எடுத்து, புதுசா ஆரம்பிக்கணும்."

"ஈரத் துணியக் கீழ வச்சுக் கும்பிட்டுட்டா தூக்குவோம்? நழுவிடாது?"

"கம்பி நழுவாது. ரெண்டு கையிலயும் சாமான் இருந்தா வீட்டுக் கதவ எப்படி சாத்துவீங்க? செஞ்சு காட்டுங்க."

அக்கா இடுப்பைப் பின்னால் தள்ளிக் காட்டினாள். முதுகு பலகைபோல நேராக இருந்தது.

"அவ்ளோதான்! அப்படியே கீழ போங்க. கை ரெண்டும் வெறும் கொக்கி. கம்பி கால ஒட்டியே வரட்டும். வயித்துல மூச்ச இறுக்கி, பாதத்தால தரைய அமுக்குங்க."

கம்பி எழுந்தது. முதுகு சத்தம் போடவில்லை.

அந்த ஜிம்மில் அவரவர் நோட்டை அவரவரே எழுதிக்கொள்வார்கள். மாவுக்கை நோட்டைப் பார்ப்பதில்லை. முழங்காலையும் முதுகையும் மட்டுமே பார்ப்பாள். "ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ அஞ்சு கூட்டிக்கோங்க" என்பாள், அத்தோடு சரி. அன்று மாலை அக்கா தன் நோட்டில் தேதி போட்டாள். கம்பியில் ஒன்றும் மாட்டவில்லை. கம்பி என்பது சுமையை ஏற்றுகிற வண்டி. ஆகவே எடை: பூஜ்யம்.

இரண்டு வாரம் பூஜ்யம். பிறகு பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னத் தட்டுகள் மாட்டினாள். இரண்டு வாரம் ஐந்து, இரண்டு வாரம் பத்து, இரண்டு வாரம் பதினைந்து. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகர்ந்த வேகத்துக்குச் சோதனைத் தேதி காத்திருக்காது போலிருந்தது.

அவளை அதிகம் வாட்டியது அவள் கைதான். ஒரு மூட்டையைத் தொட்டுத் தூக்கியதும் அரைக் கிலோ பிசகாமல் எடை சொல்லும் கை அது. அந்தக் கை இப்போது பதினைந்தைப் பற்றிக்கொண்டு முப்பத்தைந்து என்றது. பூஜ்யத்தைத் தூக்கிய நாளிலேயே இருபது என்று சொல்லியிருந்தது. கைக்கு வயதாகிவிட்டது, உடம்பு அவ்வளவு இளைத்துவிட்டது, பதினைந்தே மலையாகத் தெரிகிறது என்று அவள் முடிவுக்கு வந்தாள். நோட்டில் இருப்பது தன் எழுத்து. அதைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மனுவுக்குக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை. அன்று காலை கணக்குப் போட்டுப் பார்த்தாள். மிச்சம் இரண்டு வாரம். மிஞ்சிப்போனால் இருபது. வேண்டியது முப்பது. வேலையே போவதைவிட ஜன்னலுக்கு வெளியே சுவர் இருப்பது மேல். அரைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சலவைக்கூடக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தாள்.

"யோசிச்சுத்தானம்மா கொடுக்கறீங்க?" என்றார் அவர்.

"எடை போட்டுத்தான் சார் கொடுக்கறேன்."

இனி முப்பது தேவையில்லை என்றாலும், மறுநாள் வியாழன், வழக்கம் விடாமல் ஜிம்முக்குப் போனாள். மாவுக்கையிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏன்க்கா கொடுத்தீங்க? உங்களுக்கு முப்பதெல்லாம் ஒரு விஷயமா?"

"பதினஞ்சத் தூக்கறவளுக்கு முப்பது விஷயமில்லையா?"

"எது பதினஞ்சு? நோட்டக் கொடுங்க." மாவுக்கை பக்கங்களைப் புரட்டினாள். முதல் பக்கத்துப் பூஜ்யத்தில் அவள் விரல் நின்றது. "கம்பிய எங்க எழுதியிருக்கீங்க?"

"கம்பிய எதுக்கு எழுதணும்? அது வண்டி மாதிரி. வண்டி எடைய யாராவது சேத்து எழுதுவாங்களா?"

"அக்கா, வண்டிக்குச் சக்கரம் இருக்கு. கம்பிக்கு நீங்கதான் சக்கரம்!"

வாசலில் ஆட்களை எடைபோடும் மேடை ஒன்று இருந்தது. மாவுக்கை கம்பியை நட்டுக்குத்தலாக அதன்மேல் நிறுத்தினாள். இருபது என்று காட்டியது. அக்கா குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பாவம், அது முதல் நாளிலிருந்து சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே கண்காணிப்பாளரின் அறை வாசலில் நின்றாள்.

"மனுவ திருப்பிக் கொடுங்க சார். கணக்குல ஒரு தப்பு."

"அது நேத்தே மேலிடத்துக்குப் போயிடுச்சேம்மா. இனி அங்கிருந்து பதில் வந்தாத்தான்."

"அப்போ சோதனை?"

அவர் விதிகள் எழுதிய தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். "மனு கொடுத்தவங்க சோதனைக்கு வரக் கூடாதுன்னு எங்கயும் போடல. வந்து தூக்குங்க. அதையும் மேல அனுப்பறேன்."

சோதனை நாளன்று கூடத்தின் நடுவில் மூட்டையை வைத்தார்கள். உலர்பக்கம் முழுவதும் மடிப்பு மேசைகளை விட்டு வந்து நின்றது. அக்கா மூட்டைக்கு அருகில் கால்களை ஊன்றினாள், கதவைச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ளினாள், மூச்சை இறுக்கினாள். தூக்கி, தொடை உயரத்து வண்டியில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் மூட்டை தரைக்கு வந்ததும் நின்றாள், மூச்சு எடுத்தாள், புதிதாக ஆரம்பித்தாள்.

"என்னடி இது, தியானம் பண்றியா?" என்றாள் வானொலி. "உன் பழைய வேகம் எங்க போச்சு?"

"பஸ்ஸுல ஏறிப் போயிடுச்சு" என்றாள் அக்கா, ஏழாவது தடவைக்குக் குனிந்தபடி.

பத்தும் முடிந்தது. கண்காணிப்பாளர் 'தேறினார்' என்று எழுதி, முத்திரை வைத்து, மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை மனுப்படிதான் நடக்க வேண்டும் என்பதால், திங்கட்கிழமை அக்கா தையல் அறையில் காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஈரப்பக்கத்தை அவளுக்கு அடுத்தபடி இருந்தவர் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் தொட்டியை அளவுக்கு மேல் நிரப்புவார். சுவருக்கு அப்பாலிருந்து தொட்டி தடதடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஊசியை நிறுத்திவிட்டு, "நூறு கிலோவைத் திணிச்சுட்டான்" என்பாள். வாரத்துக்கு மூன்று மாலை கம்பிக்குப் போனாள். நோட்டில் இப்போது கம்பியையும் சேர்த்து எழுதினாள்: நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது. அறுபது வந்த அன்று மகளிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"எதுக்கும்மா உனக்கு அறுபது? நீ இப்போ ஊசிதானே தூக்கற?"

மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பாளரின் அறைக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். ஆறாவது மாதத்துக்குப்பின் அவள் போவதை நிறுத்திவிட்டாள். தட்டுகளைக் கூட்டுவதை நிறுத்தவில்லை.

எட்டாவது மாதம், ஒரு முற்பகல், கிழிந்த விரிப்பு ஒன்று மடியில் கிடக்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ள நேரமானது. சாமான் எடுக்க வந்திருந்த வானொலி கைப்பேசியைப் பிடுங்கி, கூடத்துக்கே கேட்கும் குரலில் படித்தாள்:

"தையல் பிரிவுக்கு மாற்றக் கோரிய தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அப்பிரிவில் காலியிடம் எதுவும் இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது. தாங்கள் தற்போது பணியாற்றிவரும் ஈரப்பிரிவிலேயே தொடர்ந்து பணியாற்ற வேண்டும். இம்முடிவால் மனவருத்தம் இருப்பின், முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்."