டாக்டர் பஞ்சநாதன் காலேஜுக்குப் போன கதை

பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்கு நாற்பத்தேழாம் வருஷம் வந்துசேர்ந்த டாக்டர் பஞ்சநாதனிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. பசுவைப் பிழைக்கவைத்துக் கொடுத்ததும் சொந்தக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க நல்லாயிருக்கணும் சாமி" என்பார். டாக்டர் விடமாட்டார். "எங்க அண்ணனும் நல்லாயிருக்கணும்னு சேத்துச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். வேப்பந்தட்டைப் பக்கத்துச் சனங்கள், முகம் தெரியாத அந்த அண்ணனையும் சேர்த்து வாழ்த்திவிட்டுத்தான் வண்டி கட்டுவார்கள். அவர் யார் என்று கேட்டவர்களுக்கு டாக்டர் இந்தக் கதையைச் சொல்வார்.

கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் புன்செய்க் கொல்லையும் ஒரு கிணறும் உள்ள குடும்பம். அப்பா அம்மா அடுத்தடுத்துக் கண்மூடிவிட, பஞ்சநாதனை வளர்த்து ஆளாக்கியவர்கள் அண்ணன் அழகேசனும் அண்ணி அமிர்தவல்லியும்தான். பையனுக்கு வாயில்லா ஜீவன்கள் என்றால் உயிர். தட்டில் போட்ட சோற்றில் பாதி நாய்க்குப் போகும். காலொடிந்த ஓணானுக்குக்கூட ஈர்க்குச்சி வைத்துக் கட்டுப்போட்ட மகாராசன் அவன். "இந்த வூட்டுல மனுசங்களுக்கும் கொஞ்சம் எடம் விடுப்பா" என்பாள் அண்ணி. சொல்லிவிட்டு, ஓணானுக்குத் தண்ணீரும் அவளே வைப்பாள்.

நாற்பத்தொன்றில் அரியலூர்ப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு முடித்துத் தேறினான். அன்றைக்கே அழகேசன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"திருச்சியில ரெண்டு வருசம் காலேஜு. அப்புறம் மெட்ராஸ்ல மாட்டு டாக்டருக்குப் படிப்பு. மயிலையையும் செவலையையும் வித்துடலாம். பக்கத்துக் கொல்லை ராசாங்கத்துக்கிட்ட ஏர் வாங்கி உழுதுக்கறேன்."

 மயிலையும் செவலையும் கன்றாக வந்த நாளிலிருந்து பஞ்சநாதன் கையால் வளர்ந்த காளைகள். அவற்றைப் பிடிக்க வரும் வியாபாரி மேற்கே எங்கேயோ ஓட்டிப்போகிறவன். அங்கே போன மாடு எதுவும் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. மாட்டுக்கு வைத்தியம் படிக்க மாட்டையே காவு கொடுப்பதா என்று அவனுக்கு மனசு ஆறவில்லை.

"அரியலூர் மாட்டாஸ்பத்திரியில புண்ணு கழுவி மருந்து வைக்க ஆள் கேக்குறாங்கண்ணே. நான் அந்த வேலைக்குப் போறேன்" என்றான்.

"கழுவுனது போதும். நீ டாக்டராத்தான் ஆவணும்" என்றார் அழகேசன். 

வியாபாரி வருவதாகச் சொன்ன வாரம், சனிக்கிழமை விடியற்காலையில் பஞ்சநாதன் ஒரு காரியம் செய்தான். இரண்டு காளைகளையும் குளிப்பாட்டி, கொம்பில் மஞ்சள் துணி கட்டி, கல்லங்குறிச்சிப் பெருமாள் சன்னிதிக்கு ஓட்டிப்போனான். சூடம் ஏற்றி, நாலுபேர் காதில் விழும்படி, "இது ரெண்டும் இனிமே உனக்குத்தான்" என்று நேர்ந்துவிட்டு, அங்கேயே கட்டிவிட்டு வந்தான். பெருமாளுக்கு நேர்ந்துவிட்ட மாட்டை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனும் விலை பேச மாட்டான். வீட்டுக்காரனே நினைத்தாலும் திரும்பப் பிடித்துவர முடியாது.

வெறுங்கையோடு வந்து நின்றவனை அழகேசன் ஏற இறங்கப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கத்தித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பஞ்சநாதனுக்கு. ஆனாலும் உள்ளுக்குள் நிம்மதிதான். காளைகள் உயிரோடு இருக்கும், நினைத்தபோது போய்ப் பார்க்கலாம், கையில் வேலையும் இருக்கிறது. எல்லாவற்றையும் தானே சரிக்கட்டிவிட்டதாக அந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டான்.

வேலையில் சேரப் புறப்பட்ட காலையில் அண்ணி ஒரு தூக்குவாளியை அவன் கையில் கொடுத்தாள். "போற வழியில இதை உங்கண்ணன்கிட்ட குடுத்துடு. டேசன் கூட்ஸ் செட்டுல இருக்காரு" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடலை விலை விசாரிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தான்.

அரியலூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் வரிசையாக ஆட்கள் ரயிலில் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் அழகேசன் நின்றார். சொந்தக் கொல்லையில் தவிர வேறெங்கும் வேலை செய்யாத, யாரிடமும் கைகட்டி நிற்காத மனுஷன், இடுப்புத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, கூலியாட்களோடு கூலியாளாக நின்றார். வெற்று முதுகெல்லாம் சாக்குச் சிராய்ப்பு.

"அண்ணே! என்னண்ணே இது? ஊர்ல பாத்தா என்ன பேசுவாங்க!"

"பேசட்டும். நீ எங்கே கெளம்பிட்டே?"

"வேலைக்கு."

"வேலைக்கு நான் வந்துட்டேன்டா. வூட்டுக்கு ஒருத்தன் போதும். நீ காலேஜுக்குப் போ." பிறகு அழகேசன் சிரித்தார். காளைகள் போன நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார். "மாட்டைத்தானே நேர்ந்துவிட்டே? என் முதுகை எவனும் நேர்ந்துவிடலையே!"

 நுகத்தடி பட்ட காளைகளின் கழுத்துத் தழும்பை நாளெல்லாம் தடவிக் கொடுத்தவன் பஞ்சநாதன். தன்னைச் சுமந்த இந்த முதுகை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தானா? வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிக்கொண்டு, இப்படி ஒரு அண்ணனுக்குத் தம்பியாகப் பிறந்தோமே என்று நெஞ்சு நிறைந்து வழிந்தது.

"படிக்கிறேண்ணே" என்றான்.

அதற்குள் அழகேசனின் முறை வந்துவிட்டது. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி அவர் முதுகில் சாய்த்தார்கள். அவர் ஓரடி எடுத்து வைப்பதற்குள், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, பஞ்சநாதன் அந்தக் கரிப்புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டான். குனிந்து தூக்கிவிட அழகேசனுக்கு வழியில்லை. இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்தன. கண்ணில் வந்ததைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

"டேய், நல்லாயிருப்பே, எந்திரிடா" என்றார். "பின்னால ஆள் நிக்குது."