எழுத்து அழிந்த இரண்டு குழாய்கள்

கேஸ் சிலிண்டரை உருட்டி உருட்டியே மூன்று கிடங்குக்கு முதலாளி ஆனவன் நான். படிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனாலும் எந்த வாயு எப்படிச் சீறும், எது ஆளைச் சாய்க்கும் என்று என்னிடம் கேட்டுப் போகாத ஆஸ்பத்திரி இங்கே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்தவள், குக்கர் விசில் அடித்தாலே நெஞ்சில் கை வைக்கிற பயந்தாங்கொள்ளி.

அவளுக்கு வேலை ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். பிரசவத்துக்குப் பிறகு தூக்கி எறிகிற தொப்புள்கொடி இருக்கிறதே, அதன் ரத்தக்குழாயிலிருந்து செல்களை எடுத்துத் தட்டில் வளர்ப்பாள். அவற்றுக்கு நைட்ரிக் ஆக்சைடைத் துளியாகக் காட்டுவாள். அளவு மிஞ்சினால் அந்த வாயு விஷம். துளியாகப் போனாலோ செல் உஷாராகி, உள்ளே தூங்குகிற ஒரு ஜீனை எழுப்பிக் காவலுக்கு ஒரு புரதம் செய்துகொள்ளும். அப்புறம் கடுமையான ரசாயனத்தை ஊற்றினாலும் தாக்குப்பிடிக்கும். என்னைப் போல, சின்ன வயதிலேயே அடிபட்டுத் தேறிய ஜாதி.

வாயுவை நேராகத் திறந்துவிட மாட்டார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மருந்து ஒன்று உண்டு. முந்தின நாளே கரைத்து வைத்து, வாயு முழுக்கப் போன அதே மருந்தை இன்னொரு தட்டில் ஊற்றுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. பேனாவால் பெயர் எழுதிய இரண்டு குழாயில் இருக்கும்; பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடவில்லை. நான்தான் காரில் கூட்டிப்போனேன். உறைபெட்டியில் மிச்சமிருந்த கடைசிக் குப்பிச் செல்லைத்தான் தட்டில் வளர்த்திருந்தாள். அது வீணானால் வேலை போய்விடும் என்று வழியெல்லாம் புலம்பினாள். அவளுடைய மேடம் ஏற்கெனவே ஒருவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

இரண்டு தட்டிலும் மருந்து ஊற்றினாள். சில மணி நேரம் விட்டு ரசாயனமும் ஊற்றினாள். குழாய்களை எடுத்துவைக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"மாமா, எழுத்தைக் காணோம்."

செல்லைத் திறக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் எதையும் ஸ்பிரிட் அடித்துத் துடைத்தால்தான் வைக்கலாம். பயத்தில் இரண்டு தடவை துடைத்திருக்கிறாள். பேனா மை கையுறையோடு வந்துவிட்டது. எது புது மருந்து, எது வாயு போனது என்று குழாய் இருந்த இடத்தை வைத்துத்தான் ஊற்றியிருக்கிறாள்.

"என் கிடங்குல காலிக்கும் ரொப்புனதுக்கும் ரூமே தனி," என்றேன்.

"இப்பப் போய் சொல்றீங்களே மாமா."

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நகத்தைக் கடிக்கவும் வழியில்லை, கையில் உறை. சிலிண்டர் வெடித்த இடத்திலேயே நின்றவன் நான். அன்று நானும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நிமிர்ந்து, என்னையும் பார்க்கச் சொன்னாள். பிழைத்திருக்க வேண்டிய தட்டில் செல்கள் செத்து உருண்டு மிதந்தன. சாக வேண்டிய தட்டில் தரையோடு ஒட்டி நன்றாக இருந்தன.

"அப்ப மாறிடுச்சு, அவ்வளவுதானே. லேபிளை மாத்தி ஒட்டிடு. உங்க மேடம் என்ன ஜோசியமா பார்க்கப் போறாங்க?"

"மாறித்தான் இருக்கும்னு நம்ம நினைப்பு மாமா. நான் பார்த்தேனா? நினைச்சதை எழுதிட்டா அப்புறம் எதுக்குத் தட்டு, எதுக்குச் செல்லு?"

"வேலை போயிடும்டீம்மா."

"தெரியும்."

போனை எடுத்தாள். இரண்டு முறை விரல் தப்பான பெயரில் பட்டது. மூன்றாவது முறை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள், அழாமல். மேடத்தின் குரல் எனக்கும் கேட்டது.

"அங்கேயே இரு. வரேன்."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டபோது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் வந்தார், குனிந்து பார்த்தார், இரண்டு தட்டையும் குப்பையில் போட்டார்.

"புதுச் செல் வர நாளாகும். அதுவரைக்கும் பாட்டில் கழுவு. இனிமே குழாய்க்கு வேற வேற நிறத்துல மூடி போடு."

மேடம் போன பிறகும் அவள் என் சட்டையை விடவில்லை.

"நிஜமாவே அனுப்பலையா மாமா?"

"கழுவச் சொல்லியிருக்காங்கம்மா. போய்க் கழுவு."

கழுவினாள். முதல் பாட்டிலே கை நழுவி உடைந்தது.