பிரசவ அறைக்கு மின்விசிறி மாட்ட வந்த துரைக்கண்ணு

போன செவ்வாய்க்கிழமை காலை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது செல்வியிடமிருந்து தொலைபேசி வந்தது. எலெக்ட்ரிசியன் துரைக்கண்ணுவின் மகள். "அப்பா போய்ட்டாருங்க சிஸ்டர். காபி குடிச்சிட்டு நாற்காலில சாஞ்சவருதான், எழுப்பினா எழுந்துக்கல" என்றாள். தொட்டி நிரம்பித் தண்ணீர் வாசல்வரை ஓடியதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அவரை அறிந்தவர்கள் திருப்பத்தூரிலும் ஜவ்வாதுமலையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டுக்கு அவர் வயரிங் செய்திருப்பார். ஆனால் எனக்கும் அவருக்கும் எப்படிப் பழக்கம் என்பதை அவர் யாரிடமும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் என் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். புதூர்நாட்டைத் தாண்டி ஜவ்வாதுமலைச் சிற்றூர் ஒன்றில் நான் நர்சாக இருந்தேன். ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறைதான் பிரசவ அறை. அதற்கு இருந்த ஒரே ஜன்னலும் ஊர்ப்பாதையைப் பார்த்திருந்ததால் அதை மூடித்தான் வைக்க வேண்டும். மலைதானே, குளிர்ச்சியாக இருக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். சித்திரை மாத மத்தியானத்தில் அந்த அறைக்குள் நின்று பார்த்தால் தெரியும். வலி எடுத்து வந்த ஒரு பெண், "இங்க மூச்சு முட்டுது நர்சம்மா, நான் வூட்டுக்கே போறேன்" என்று பாதியில் எழுந்து நடந்தே போய்விட்டாள். அதன்பிறகு சிக்கலான பிரசவத்துக்குக்கூட யாரும் வரவில்லை.

எழுதி எழுதிக் கேட்டு ஒரு மின்விசிறி வாங்கினேன். பெட்டி வந்தது, மாட்ட ஆள் வரவில்லை. அதற்குள் ஒரு மேலதிகாரி வியாழக்கிழமை பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. எல்லாம் தயார் என்று நானும் பதில் எழுதிவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. ஜீப் பிடித்துத் திருப்பத்தூருக்கு இறங்கினேன். கேட்ட முதல் இரண்டு பேரும் மலை என்றதும் கையை விரித்தார்கள். "ஏறிடலாம் சிஸ்டர், ஜீப்பு கெடைக்கலன்னா யாரு என்னைக் கீழ எறக்குறது?" என்றார் ஒருவர்.

மூன்றாவதாகப் போன சிறிய கடையில் துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை.

"அந்த ரூம்ல யாருங்க படுப்பாங்க?" என்றார்.

சொன்னேன்.

"நாளைக்கு மொத ஜீப்புல வர்றேன்."

சொன்னபடி புதன்கிழமை வந்தார். ஏணியில் ஏறி, விசிறி தொங்க வேண்டிய மர உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். வேறோர் இடத்தில் தட்டினார். பிறகு ஸ்குரூ டிரைவரால் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போயிற்று.

"பார்க்கத்தான் நல்லா கீது. உள்ள பூரா கரையான் தின்னுட்டுதுங்க. இதுல நான் மாட்டமாட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மாட்டிக் குடுங்கண்ணே. ஆபீசர் பார்த்துட்டுப் போனதும் கழட்டிடலாம்" என்றேன்.

அவர் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். "வுழறதுக்கு ஒரு நாளு போதுங்க, சிஸ்டர்."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "உங்களைக் கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு. வேற ஆளா இருந்தா இந்நேரம் மாட்டியிருப்பான்" என்று கத்தினேன். அவர் பையைக் கட்டினார். போகிறார் என்றே நினைத்தேன். வாசலில் நின்று திரும்பி, "ஆபீசரு எத்தினி மணிக்கு வர்றாருங்க?" என்று கேட்டார். பத்து மணி என்றேன். "அப்ப நானும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஊரில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டார்.

மறுநாள் அதிகாரி வந்தார். பெட்டியில் இருந்த விசிறியைப் பார்த்ததும் முகம் மாறியது. "எல்லாம் ரெடின்னு எழுதினீங்களே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் துரைக்கண்ணு முன்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர் மேல தப்பு இல்லீங்க. அவங்க மாட்டச் சொன்னாங்க, நான்தான் மாட்டல."

"நீ யாருய்யா?"

"எலெக்ட்ரிசியங்க. மரம் தாங்காது."

"தாங்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

துரைக்கண்ணு ஸ்குரூ டிரைவரைத் துடைத்து அவரிடம் நீட்டினார். "நீங்களே ஏறிக் குத்திப் பாருங்கய்யா."

அதிகாரி கோபத்தில்தான் ஏணியில் ஏறினார் என்று நினைக்கிறேன். ஒரு குத்துதான். மக்கிய மரத்தூள் அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டியது. இறங்கி, சட்டையைத் தட்டியபடி உத்தரத்துக்குக் கீழே கிடந்த பிரசவக் கட்டிலைப் பார்த்தார். "இதுக்குக் கீழேயா படுக்க வைக்கிறோம்?" என்றார். அன்றே கூரையைப் பிரித்துச் சரிசெய்ய உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாதமே மரத்தை மாற்றினார்கள். விசிறிக்கென்று தனியாக, சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் குழாய் போட வேண்டும் என்றார் துரைக்கண்ணு. மழையில் பாதை கெட்டு ஜீப் நின்றுவிட, ஊர் ஆண்கள் ஆறு பேர் அந்தக் குழாயைத் தோளில் சுமந்து வந்தார்கள். அவர்கள் கூடவே அவரும் ஒரு முனையைப் பிடித்து நடந்து வந்தார். மாட்டி முடித்ததும் சுவிட்சைப் போட்டார். மலையில் அப்போது மின்சாரம் பலவீனமாகத்தான் வரும். மூன்று இறக்கையையும் எண்ணும் வேகத்தில் விசிறி சுற்றியது.

பார்க்க வந்தவர்களில் சின்னப்பாப்பா என்ற நிறைமாதப் பெண்ணும் அவளுடைய மாமியாரும் இருந்தார்கள். மாமியார் வாசலைத் தாண்டவில்லை. "இன்னாம்மா இது, தலைக்கு மேல கத்தி சுத்துது? எம் மருமவள இதுக்குக் கீழ படுக்க வுடமாட்டேன்" என்றார். துரைக்கண்ணு வாதாடவில்லை. நேராகப் போய்ப் பிரசவக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். "நான் படுத்துக் காட்டுறேன், பாரும்மா." காலையிலிருந்து குழாய் சுமந்த களைப்பு. இரண்டு நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். சின்னப்பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் மாமியாரும் உள்ளே வந்து, அவருடைய திறந்த வாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நண்பகலில் சின்னப்பாப்பா வலியோடு வந்தாள். தலைச்சன் பிள்ளை, லேசில் வரவில்லை. இடையில் மின்சாரம் போயிற்று. உடனே வெளியிலிருந்து மாமியாரின் குரல்: "யம்மா நர்சம்மா, அந்தக் கத்தியச் சுத்தச் சொல்லும்மா! எம் மருமவளுக்கு வேர்க்குது!" அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மின்சாரம் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு தூரத்து நெல்லிவாசல்நாட்டிலிருந்துகூட நடந்து வந்தார்கள்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, உங்க கஷ்டம் உங்களுக்கு. நான் எதையும் மனசுல வெச்சிக்கலீங்க" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் கோடை தொடங்குமுன் யாரும் கூப்பிடாமலே ஒருமுறை மலையேறி வந்து விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போவார். நான் மாற்றலாகி வந்த பிறகும் பல வருஷம் போனார் என்று இப்போதுதான் செல்வி சொன்னாள்.

எனக்கு அவர் விட்டுப்போனது எது என்று இந்த நான்கு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். மாற்றலாகிக் கணியம்பாடிப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு நாள் அறுவைச் சிகிச்சை முகாம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அதிகாரிகளும் வந்திருந்தார்கள். கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் பழுதாகி, கருவிகள் சரியாகக் கொதிக்கவில்லை. "பரவாயில்லை, ஆரம்பிங்க" என்றார்கள். "இன்னிக்கு முடியாதுங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்தத் துணிச்சல் என்னுடையதல்ல, துரைக்கண்ணு அண்ணனுடையது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். அன்று திருப்பி அனுப்பிய பெண்கள் அடுத்த வாரம் வந்தார்கள். அத்தனை பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள்.