மூன்றாம் படியில் நிஜம்

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு என் மகள் ஆக்லாந்திலிருந்து கூப்பிடுவாள். அந்த அழைப்புக்கு நான் பரீட்சைக்குத் தயாராவதுபோல் தயாராவேன். என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், "சாப்பிட்டியா?" "சாப்டேன்பா" என்று இரண்டே நிமிடத்தில் வண்டி நின்றுவிடும். மனைவி இருந்தவரை அவள் பேசுவாள், நான் பின்னாலிருந்து கையாட்டுவேன். அவள் போனபிறகு கையாட்டுவது மட்டும் போதவில்லை.

எழுதி வைப்பதற்குக் கணினியில் ஒரு எடிட்டர் வைத்திருந்தேன். படமும் கிடையாது, வண்ணமும் கிடையாது, வெறும் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நட்சத்திரக் குறி போடவேண்டும். ஒரு குறி என்றால் முதல் படி, இரண்டு என்றால் அதற்குக் கீழே, மூன்று என்றால் அதற்கும் கீழே. குறிகளை மறைத்துவிட்டு, வரிகளைப் படிப்படியாக வலதுபக்கம் தள்ளிக் காட்டும்படி அமைத்திருந்தேன். பார்க்க மாடிப்படி மாதிரி அழகாக இருக்கும்.

அதில் எனக்கு ஒரு ஏற்பாடு. முதல் படியில் தலைப்பு: வேலை, சாப்பாடு, உடம்பு. இரண்டாம் படியில் மகளுக்குச் சொல்வது. மூன்றாம் படியில் நிஜம்.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்றால், சிங்கப்பூரில் இருபது வருஷம் நான் வேலை பார்த்த தொழிற்சாலை திடீரென்று ஆள் குறைத்தது. குறைந்த ஆள்களில் நான் ஒருவன். மகளுக்கு ஆக்லாந்தில் நிரந்தர வாசம் கிடைக்க அப்போது இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. இடையில் கிளம்பி வந்தால் எல்லாம் முதலிலிருந்து. அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் தனியாக இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். அவள் அம்மாவின் மகள். ஆகவே நான் தினமும் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், இரண்டாம் படியில். நம்பகமாக இருக்கவேண்டுமே என்று, பாலத்துப் போக்குவரத்துக் கேமராவை ஹேண்ட்போனில் பார்த்து, எந்தக் கிழமை எத்தனை மணி ஜாம் என்று குறித்துக்கொள்வேன். வேலைக்குப் போன நாள்களில்கூட ஜாமை இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

கண் மங்குகிறதென்று எழுத்தைப் பெரிதாக்கியதில் ஆரம்பித்தது வினை. மூன்றாம் படி வரிகள் திரையின் வலது ஓரத்தில் நசுங்கி, வரிக்கு இரண்டே சொல் நின்றன. ஒரு வெள்ளிக்கிழமை அமைப்புக்குள் போய், 'ஒவ்வொரு படிக்கும் எத்தனை இடம் தள்ளவேண்டும்' என்ற இடத்தில் இரண்டை அழித்துப் பூஜ்யம் போட்டேன். திரையில் ஒன்றும் மாறவில்லை. சரி, வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று எழுந்து பெர்மாஸ் ஜெயா கடைத்தெருவுக்கு டீ குடிக்கப் போய்விட்டேன். எடிட்டரை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் திறந்தேன். மாடிப்படி இல்லை. எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒரே மட்டமாக, பள்ளி அசெம்பிளியில் நிற்பதுபோல் நின்றன.

கோப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, காட்டுகிற விதம் மட்டுமே மாறியிருந்தது. இதை இன்று நிதானமாகச் சொல்கிறேன். அன்று நான் எழுப்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

பேக்கப் இருக்கிறதே! தம்ப் டிரைவைச் செருகித் திறந்தேன். தட்டை. இணையத்தில் வைத்திருந்த பிரதியை இறக்கினேன். அதுவும் தட்டை. பழைய மடிக்கணினியிலிருந்து நகலெடுத்துக் கொண்டுவந்தேன். தட்டை. மூன்றையும் அதே எடிட்டரில்தான் திறந்துகொண்டிருக்கிறேன் என்று இருபது வருஷம் மெஷின் பழுதுபார்த்த இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. வைரஸ் என்று முடிவுகட்டி வைஃபை வயரைப் பிடுங்கினேன். அப்படியும் சந்தேகம் தீராமல் ஃபேனையும் நிறுத்தினேன்.

ஹேண்ட்போன் தன் சொந்த டேட்டாவில் அடித்தது. மணி பத்து.

"அப்பா, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"எக்சர்சைஸ் பண்ணேன்மா."

"நீங்களா? அலமாக்!"

வேறு வழியில்லை, திரையைப் பார்த்து மேலிருந்து வாசித்தேன். "வியாழக்கிழம பாலத்துல ரெண்டு மணி நேரம் ஜாம்மா." அடுத்த வரி, 'கேமராவில் பார்த்தது'. நல்லவேளை, தாண்டிவிட்டேன். "சாம்பார், அவரைக்காய் பொரியல் செஞ்சேன்." அடுத்து, 'பாக்கெட் மீ நூடுல்ஸ், நான்கு நாள்'. அதையும் தாண்டினேன். கெட்டிக்காரன்தான் நான் என்று கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் அடுத்த வரியைச் சரளமாகச் சொன்னேன்.

"மத்தியானம் ஆனா மால்ல போய் உக்காந்துக்கிறேன்மா. ஏர்கோன் சும்மாதானே."

"எந்த மத்தியானம்?"

"எல்லா மத்தியானமும்தான்."

சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது. ஃபேன் வேறு ஓடவில்லையா, வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

"எத்தன நாளா வேலைக்குப் போகல?"

"நாலு மாசம்."

"அப்போ அந்த ஜாம் எல்லாம்?"

"ஜாம் நெஜம்தான்மா. நான்தான் அதுல இல்ல."

சிரித்தாள். சிரிப்பின் பாதியில் மூக்கை உறிஞ்சினாள். நான் அவசர அவசரமாக, "நீ வந்துராதே. இன்னும் அஞ்சு மாசம்தான். வந்தா கதவத் தொறக்க மாட்டேன், பாத்துக்கோ," என்றேன்.

"வரல. நான் என்ன கிறுக்கியா?" என்றாள். பிறகு, "வேற என்னலாம் எழுதி வச்சிருக்கீங்க? படிங்க," என்றாள்.

படித்தேன். படியில் சறுக்கி முழங்கால் வீங்கியது. அவள் அம்மாவின் அலமாரியை இன்னும் திறக்காதது. சில நாள் சாயங்காலம்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், டீக்கடையில் "தே தாரிக் ஒண்ணு" என்று சொல்லும்போது குரல் கரகரத்தது. எழுதும்போது வேடிக்கையாக இருந்தவை, வாய்விட்டுச் சொல்லும்போது அப்படி இல்லை.

வரிகள் தீர்ந்துவிட்டன. "சரிம்மா, உனக்கு வேலை இருக்கும், வைக்கட்டா?" என்றேன்.

"வைக்காதீங்க லா. துணி மடிக்கணும். நீங்க சும்மா இருங்க, பேசக்கூட வேணாம்."

போனை மேசையில் சாய்த்து வைத்தேன். அங்கே அவள் ஒரு படுக்கை விரிப்பை உதறுகிற சத்தம் கேட்டது. நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.