ஏழாம் நம்பர் காட்டுத் தகர டின்

தேயிலை எஸ்டேட் சூப்பர்வைசர் செல்லையாவைக் குன்னூருக்கு அனுப்பி மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். கொடுக்காமலே இருந்திருக்கலாம். சும்மா போனவர் வாய் நிறையப் பெயர்களோடு திரும்பினார். லீவு கேட்டவளுக்கு ஸ்ட்ரெஸ், எதிர்த்துப் பேசியவளுக்கு ஈகோ. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவர் பெயர் வைக்காத ஆள் பாக்கியில்லை.

கட்டிய மனைவி கருப்பம்மா மட்டும் தப்புவாளா? கொழுந்து பறிக்க இறங்கும் முன் பெண்கள் தகர டின்னைத் தட்டுவது வழக்கம். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் புதரில் படுத்திருக்கும் காட்டுமாடு மெல்ல எழுந்து விலகிவிடும். அன்று ஏழாம் நம்பர் காடு என்கிற தேயிலைச் சரிவில் காட்டுமாட்டுச் சாணம் கிடந்தது. கருப்பம்மா தட்டிக்கொண்டே நின்றாள், இறங்கவில்லை. செல்லையாவுக்கு மானம் போயிற்று. அளவு மீறிய பயத்துக்கு ஃபோபியா என்று பெயர், பயப்படும் இடத்துக்கே போய் நின்றால்தான் தெளியும், கையில் டின் இருக்கும்வரை பயமும் இருக்கும் என்று எல்லார் முன்னாலும் பாடம் நடத்தி, டின்னைப் பிடுங்கிக்கொண்டு அவளை இறக்கிவிட்டார். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அங்கே சொன்ன உதாரணம் பல்லி. பல்லி முட்டாது.

காட்டுமாடு முட்டியதில் கருப்பம்மாவின் இடுப்பெலும்பு நொறுங்கியது. உயிர் மிஞ்சியது, நடை மிஞ்சவில்லை.

தட்டியிருந்தாலும் அந்த மாடு போயிருக்காது என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் செல்லையா சொன்னார். தன் தப்பை மறைக்க மனசு இப்படிக் காரணம் தேடும், அதற்கு நியாயப்படுத்தல் என்று பெயர் என்பதையும் அதே பயிற்சியில்தான் படித்திருந்தார். தெரிந்தேதான் சொன்னார், பாவி மனுஷன்.

இப்போது பெண்கள் மறுபடி டின் தட்டுகிறார்கள். அவர் தடுப்பதில்லை. சத்தம் கேட்டதும் மூடுபனியிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டும். ஒரு சத்தமும் ஒரு சம்பவமும் உடம்புக்குள் ஒட்டிக்கொள்வதற்குக் கண்டிஷனிங் என்று பெயர். பெயர் தெரிந்து என்ன, வேர்வை நிற்கவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், கட்டில் பக்கத்தில் அதே டின் இருக்கிறது. தண்ணீர் வேண்டுமானாலும், தூக்கி உட்காரவைக்க வேண்டுமானாலும் கருப்பம்மா அதைத்தான் தட்டுகிறாள். ஒருநாள் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வாயால கூப்பிடக் கூடாதா, புள்ள?"

அவள் முகம் மாறவில்லை.

"உங்களுக்கு ஃபோபியா இருக்குங்க. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் தெளியும்."